ஏழரை அங்குலத் தண்டவாளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து கிரிஃபித் பூங்காவில் ஞாயிறுதோறும் ஓடும் குட்டி ரயிலைப் பற்றிப் போன மாதம் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். 1956இல் தொடங்கிய 'லாஸ் ஏஞ்சலஸ் லைவ் ஸ்டீமர்ஸ்' என்ற சங்கம், உறுப்பினர்களே சம்பளம் வாங்காமல் நடத்தும் ரயில் என்ற அளவில்தான் அதில் இருந்தது. அதற்கே கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. மகள் வீடு பக்கத்து ஊரில் இருப்பதால் வருஷத்தில் சில மாதங்கள் நான் அங்கே இருக்கிறேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அந்தப் பூங்காவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: எங்கள் ஊர்ப் பூங்காவிலும் புகைபோக்கி வைத்த ரயில் இருக்கிறது. பிள்ளைகள் ஏறிச் சுற்றி வருகிறார்கள். அதற்கும் நீங்கள் எழுதிய ரயிலுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

ப: பூங்கா ரயில்களில் பெரும்பாலானவை டீசலிலோ பேட்டரியிலோ ஓடுபவை. மேலே நீராவி எஞ்சின் மாதிரி தகடு போர்த்தியிருப்பார்கள். கிரிஃபித் பூங்காவில் ஓடும் நீராவி எஞ்சினில் ஃபயர்பாக்ஸ் இருக்கிறது, அதில் நிஜமாகவே தீ எரிகிறது. அந்தச் சூடு பாய்லர் குழாய்கள் வழியாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. ஆவி சிலிண்டருக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியாக வெளியேறும்போது தீயை உறிஞ்சி இழுக்கிறது. 'சுக் சுக்' என்ற சத்தம் அங்கிருந்து வருவது, ஒலிபெருக்கியில் அல்ல. பெரிய எஞ்சினில் என்னென்ன உண்டோ அத்தனையும் எட்டில் ஒரு பங்கு அளவில் இருக்கிறது.

தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏழரை அங்குலம், அதாவது 190.5 மில்லிமீட்டர். நம் ஊட்டி மலை ரயிலுக்கு அது 1,000 மில்லிமீட்டர், அகலப் பாதைக்கு 1,676. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் இதே ரகம் ஏழேகால் அங்குலமாக இருக்கும். கால் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒன்றின் எஞ்சின் மற்றதன் பாதையில் ஓடாது.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லா வண்டியையும் நீராவி எஞ்சின்தான் இழுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். டீசல் எஞ்சின் உருவத்தில் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுபவையும் உண்டு. கூட்டம் அதிகமாக உள்ள நாளில் அவைதான் சுமையைத் தாங்குகின்றன.

கே: பெரிய ஆட்கள் உட்கார்ந்து போகும் அளவுக்குச் சின்ன எஞ்சின் செய்யலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? அமெரிக்கர்களுக்கா?
– ஆசிரியை, திருநெல்வேலி

ப: இங்கிலாந்துக்காரர்களுக்கு. 1898இல் லண்டனில் மாதிரி எஞ்சின் செய்பவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. அதே வருஷம் ஒரு சங்கமும் தொடங்கியது. அப்போது சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்குத்தான் எரியும். மேசையைச் சுற்றி ஓடும், அழகாக இருக்கும், அதற்கு மேல் எதையும் இழுக்காது.

1920களின் தொடக்கத்தில் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் ஒருவர் அந்தப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். ஸ்பிரிட்டை விடுங்கள், ரயில்வேக்காரன் செய்வது போலக் கரி போடுங்கள், பாய்லருக்குள் நிறைய குழாய்கள் வையுங்கள், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் எஞ்சின்கூட ஆளை இழுக்கும் என்றார். பொம்மை ரயில் வியாபாரத்தில் பெரிய பெயர் பெற்ற பாசெட்-லோக் தரப்பு இதை ஏற்கவில்லை. எழுத்தில் பெரிய சண்டை. 'பாய்லர் போர்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கடைசியில் 1924இல் லண்டன் கண்காட்சியில் இரண்டு தரப்பு எஞ்சினும் ஓடின. எல்.பி.எஸ்.சி. செய்த எஞ்சின் ஆட்களை வைத்து இழுத்துக் காட்டியது. அந்த எஞ்சினின் பெயர் 'ஆயிஷா'.

வாதத்தில் ஜெயித்ததைவிட அதற்கப்புறம் அவர் செய்த வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பல வருஷங்கள் விடாமல், படம் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் வீட்டுக் கடைசல் எந்திரத்தில் எப்படிச் செய்வது என்று எழுதினார். பணிமனை வாசலைப் பார்க்காதவர்கள்கூட அதைப் படித்து எஞ்சின் செய்தார்கள். இந்தத் தொழில் பரவியது அப்படித்தான்.

அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில் மசாசூசெட்ஸ் மாகாணத்து மார்பிள்ஹெட் என்ற கடலோர ஊரில் கார்ல் பியூரிண்டன் என்பவர் பாதை போட்டு, ஆட்களைக் கூட்டி, ஒரு குழுவை உண்டாக்கினார். மேற்குக் கரையில் விக்டர் ஷாட்டக். இவர் சதர்ன் பசிபிக் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஓக்லாந்தில் தன் வீட்டு நிலவறையில் ரயில் பாதை போட்டிருந்தார். அங்கே கூடியவர்கள் 1936இல் தொடங்கிய 'கோல்டன் கேட் லைவ் ஸ்டீமர்ஸ்' இன்றைக்கும் பெர்க்லி மலைமேல் டில்டன் பூங்காவில் நடக்கிறது.

கே: டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்தில் ரயில் விட்டாராமே, உண்மையா? அவருக்கும் இந்தச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவர், மதுரை

ப: உண்மைதான் தம்பி. நிறையப் பேர் இதையே கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வால்ட் டிஸ்னி சிறு வயதில் மிசூரி மாகாணத்து மார்சலீன் என்ற ஊரில் இருந்தவர். சான்டா ஃபே ரயில் பாதையில் இருக்கும் ஊர், மாமா ஒருவர் அந்தப் பாதையில் எஞ்சின் ஓட்டியவர். பதினைந்து வயதில் டிஸ்னியே ரயில் பெட்டிகளில் பத்திரிகையும் தின்பண்டமும் விற்றிருக்கிறார். 1948இல் தன்னிடம் வேலை பார்த்த ஓவியர் வார்ட் கிம்பலைக் கூட்டிக்கொண்டு சிகாகோ ரயில்வே கண்காட்சிக்குப் போய் வந்தார். இன்னொரு ஓவியர் ஓலி ஜான்ஸ்டன் தனக்கென்று ஒரு குட்டி நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் டிஸ்னிக்கும் ஒன்று வேண்டும் என்றாகிவிட்டது.

சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் 173ஆம் எண் எஞ்சினின் வரைபடங்களை வாங்கி, எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ஸ்டுடியோ பணிமனையில் ரோஜர் பிராகி மேற்பார்வையில் செய்தார்கள். பேருக்கு முதலாளியாக நின்று பார்த்துக்கொண்டிருக்காமல், பிராகியிடம் தொழில் கற்றுக்கொண்டு சில பாகங்களை டிஸ்னியே செய்தார். கடைசியில் போகும் கார்டு பெட்டி முழுக்க அவர் கைவேலை. அதற்குள் ஒரு குட்டி இரும்பு அடுப்புகூட வைத்தார். எஞ்சினுக்கு மனைவி லில்லியனின் பெயரைச் சேர்த்து 'லில்லி பெல்' என்று பெயர். 1949 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸ்டுடியோவுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள்.

1950 மே மாதம் கேரல்வுட் தெருவில் உள்ள அவர் வீட்டைச் சுற்றிப் பாதை ஓட ஆரம்பித்தது. மொத்தம் 2,615 அடித் தண்டவாளம். 46 அடி நீள மரப் பாலம். மனைவி ஆசையாக வைத்த பூந்தோட்டத்துக்குக் கேடு வரக் கூடாதே என்று அதற்கடியில் 90 அடிக்குச் சுரங்கம். அதையும் வளைத்து வளைத்துக் கட்டச் சொன்னார், நுழையும்போது மறுபக்க வெளிச்சம் தெரியக் கூடாதாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டு நிலத்தில் ரயில் விட அனுமதி என்று வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுதி மனைவியிடமும் மகள்களிடமும் கையெழுத்து வாங்கினார். நிலத்துக்கு அனுமதி வாங்காமல் எந்த ரயில்வேயும் பாதை போட முடியாதே!

மூன்று வருஷம் நன்றாக ஓடியது. வந்த விருந்தாளிகளுக்கும் எஞ்சினை ஓட்டக் கொடுப்பார். 1953இல் அப்படி ஓட்டிய ஒருவர் வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை. எஞ்சின் சாய்ந்துவிட்டது, ஆவி பீறிட்டது. பார்க்க ஓடி வந்த ஒரு சிறுமிக்குக் காலில் தீக்காயம். நல்லவேளையாகப் பெரிய காயம் இல்லை. அன்றோடு டிஸ்னி அந்த ரயிலை நிறுத்தி எஞ்சினை உள்ளே வைத்துவிட்டார். 1955இல் டிஸ்னிலாந்து திறந்தபோது அங்கே ஓடிய பெரிய எஞ்சின்களில் ஒன்றுக்கு லில்லி பெல்தான் மாதிரி.

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் திருப்பம் 1953 விபத்துதான். அது ஏன் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். டிஸ்னி போட்டிருந்தது ஏழேகால் அங்குலப் பாதை. அதில் ஆள் உட்காரும் இடம் தண்டவாளத்திலிருந்து ஒரு அடிக்கு மேலே இருக்கும். அவர் உடம்புக் கனம் அதற்கும் மேலே. அடியில் பிடிமானமோ ஒரு சாண் அகலம்கூட இல்லை. வளைவில் வெளிப்பக்கம் தள்ளும் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. ஆவியைத் திறந்துவிடும் கைப்பிடியான ரெகுலேட்டரைப் புதிதாகப் பிடித்தவருக்கு இது எப்படித் தெரியும்? யார் ஓட்டலாம், யார் கூடாது என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் வீட்டுக்காரரைத் தவிர யாரும் இல்லை. அவரோ ஆசையாகக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர்.

மூன்று வருஷம் கழித்து 1956இல் லாஸ் ஏஞ்சலஸ் லைவ் ஸ்டீமர்ஸ் தொடங்கியபோது டிஸ்னி அதன் ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவர். தன் தோட்டத்துத் தண்டவாளங்களைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வீட்டு மதிலுக்குள் கிடந்த இரும்பு அப்படித்தான் ஊரார் ஏறும் பாதைக்கு வந்து சேர்ந்தது. லில்லி பெல் இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் உட்கார்ந்து வேலை செய்த மரக் கொட்டகையை, லில்லியன் காலமாகி வீடு விற்கப்பட்ட சமயத்தில், மகள் டயான் பெயர்த்துக் கொண்டுவந்து 1999இல் இதே கிரிஃபித் பூங்காவில் நிறுத்தினார்.

கே: நான் மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.பி. ரக நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்து டிரைவராக ஓய்வு பெற்றவன். அவ்வளவு சின்ன பாய்லரில் தண்ணீர் மட்டத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? பாய்லரைச் சோதிப்பது யார்?
– ஓய்வுபெற்ற லோகோ டிரைவர், ஜோலார்பேட்டை

ப: ஐயா, இந்தக் கேள்வியை உங்களைப் போன்றவர்தான் கேட்க முடியும். படித்ததும் பழைய ஷெட் ஞாபகம் வந்துவிட்டது.

நீளத்தை எட்டில் ஒன்றாகக் குறைத்தால் பரப்பு 64இல் ஒன்றாகும், கொள்ளளவு 512இல் ஒன்றாகும். ஆனால் கரியும் தண்ணீரும் ஆவியும் நம்மோடு சேர்ந்து சுருங்குவதில்லை. தீ சின்னதாக இருப்பதால் கொஞ்சம் கவனம் தப்பினாலே அணைந்துவிடுகிறது. தண்ணீர் கொஞ்சமாக இருப்பதால் மட்டம் கண் முன்னே இறங்குகிறது. ஒய்.பி.யில் ஒரு பக்கம், பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைப் போட்டுவிட்டு மறுபக்கம் கரி அள்ள நமக்கு நேரம் இருந்தது. இங்கே அந்த அவகாசம் கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீரும் எரிபொருளும் சுமக்கும் டெண்டர்மேல் உட்கார்ந்து, கால்களை இரண்டு பக்கமும் வைத்து, ஒரே ஆள் டிரைவராகவும் ஃபயர்மேனாகவும் இருக்கிறார். பாதையையும் பார்க்க வேண்டும், பிரஷரையும் பார்க்க வேண்டும், தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸையும் பார்க்க வேண்டும்.

கேஜ் கிளாஸிலேயே ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடிக் குழாயின் துளை மிகக் குறுகலாக இருந்தால் தண்ணீர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மேலேறும், நடுவில் குமிழி நிற்கும். பார்ப்பவருக்கு மட்டம் இருப்பது போலவே தெரியும். அதனால் அடிக்கடி கீழ்க் குழாயைத் திறந்து ஊதிவிட்டு, தண்ணீர் சட்டென்று திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார்கள். நாம் செய்ததுதான், ஆனால் நம்மைவிட அடிக்கடி செய்கிறார்கள். தண்ணீர் ஏற்றவும் ஒரு வழியை நம்பியிருப்பதில்லை. குட்டி இன்ஜெக்டர், அச்சில் ஓடும் பம்ப், கையால் அடிக்கும் பம்ப் என்று குறைந்தது இரண்டாவது இருக்கும். விரல் அளவுள்ள இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டு 'சூ' என்று பாடுவதைக் கேட்டால் நீங்கள் இடத்தைவிட்டு நகர மாட்டீர்கள்.

ஒய்.பி.க்கு வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. இவை பெரும்பாலும் 100 பவுண்டை ஒட்டியோ கொஞ்சம் மேலோ வேலை செய்கின்றன. சின்னவற்றில் வெள்ளிப் பற்று வைத்த செம்பு பாய்லர், பெரியவற்றில் வெல்டிங் செய்த எஃகு பாய்லர். கலிஃபோர்னியாவில் கரியைவிட எண்ணெய் அல்லது புரோப்பேன் வாயு எரிப்பவை நிறையக் கண்ணில் படுகின்றன.

சோதனை முறை நமக்குத் தெரிந்ததுதான். பாய்லர் முழுக்கக் காற்றில்லாமல் தண்ணீரை நிரப்பி, பம்ப் அடித்து, வேலை அழுத்தத்துக்கு மேல் ஏற்றி நிறுத்திப் பார்ப்பது. புது பாய்லருக்கு இரண்டு மடங்கு வரை ஏற்றுவது வழக்கம். தண்ணீர் அமுங்காது, ஆகவே எங்காவது விட்டுப்போனாலும் சொட்டுமே தவிர வெடிக்காது. அப்புறம் நிஜ ஆவியில் சேஃப்டி வால்வு சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்ப்பார்கள். இதைச் செய்வது சங்கத்தில் அதற்கென்று பொறுப்பேற்ற உறுப்பினர்கள். பல சங்கங்களில் சான்று இல்லாத எஞ்சினைத் தண்டவாளத்தில் வைக்கவே விடமாட்டார்கள், எவ்வளவு பழைய உறுப்பினராக இருந்தாலும் சரி. ஒரு ஞாயிறு, முன்பின் தெரியாத ஒருவரின் பாய்லரில் ஒரு தாங்கு கம்பியின் ஓரமாக நீர்த்துளி முத்து மாதிரி ஊறி நின்றதைப் பார்த்தேன். சோதித்தவர் ஒன்றும் பேசாமல் துணியால் துடைத்தார், மறுபடியும் காத்திருந்தார். மறுபடியும் ஊறியது. எஞ்சின்காரர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பொன்மலையில் எங்கள் மேஸ்திரியும் இதைத்தான் செய்திருப்பார்.

கே: சம்பளம் இல்லாமல் இத்தனை வருஷம் ஒரு ரயிலை ஓட்ட முடியும் என்று நம்ப முடியவில்லை. பின்னால் யாராவது பணக்காரர் இருப்பார், இல்லையா?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

ப: பணக்காரர் இருந்த ரயிலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன், அது ஓடியது மூன்று வருஷம். நீங்கள் சொல்வது போல் நடந்த இடமும் உண்டு. ஓரிகன் மாகாணத்தில் சிலோக்வின் என்ற ஊருக்கு வெளியே காட்டுக்குள் 'டிரெயின் மவுண்டன்' என்று ஒன்று இருக்கிறது. குவென்டின் பிரீன் என்பவர் 1987இல் நிலம் வாங்கித் தொடங்கினார். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், ஏழரை அங்குலப் பாதையே முப்பத்தாறு மைலுக்கு மேல். உலகத்திலேயே இந்த ரகத்தில் மிக நீளமானது என்று கின்னஸில் இடம்பெற்றது. அவர் 2007இல் காலமானார். ரயில் நின்றுவிடவில்லை. பாதையைப் பார்த்துக்கொள்ளப் பழகிய தொண்டர்கள் அதற்குள் உருவாகியிருந்தார்கள்.

கிரிஃபித் பூங்காவில் நிலம் நகரத்தின் பூங்காத் துறைக்குச் சொந்தம். சங்கத்துக்கு உறுப்பினர் சந்தா, ரயிலில் ஏறுபவர்கள் கொடுக்கும் சிறு தொகை, நன்கொடை. அவ்வளவுதான் வரவு. எஞ்சின்கள் பலவும் உறுப்பினர்களின் சொந்தச் சொத்து.

உண்மையான செலவு நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓட்ட ஆள் கிடைப்பது எளிது. மற்ற நாளில் புதர் வெட்ட, ஜல்லி அள்ள, பாதை பிரியும் பாயிண்ட்ஸுக்கு எண்ணெய் போட ஆள் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏழரை அங்குலப் பாதையில் ஒரு பக்கத் தண்டவாளம் அரை அங்குலம் தாழ்ந்தாலே வண்டி நன்றாகச் சாயும். அகலப் பாதையில் அதே தாழ்வு அவ்வளவு செய்யாது. மழையில் ஜல்லி அரிக்கும், வெயிலில் தண்டவாளம் நீண்டு வளையும், மரக்கட்டை மக்கும். அதனால் இப்போது பல சங்கங்கள் பிளாஸ்டிக் கட்டை போடுகின்றன.

ஒரு சனிக்கிழமை அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒருவர், விமானத் தொழிற்சாலையில் கடைசல் பிடித்து ஓய்வு பெற்றவர், தரையில் முழங்காலிட்டு, கன்னம் தண்டவாளத்தில் படுகிற மாதிரி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாதை நெடுகப் பார்த்தார். நம் கேங்மேஸ்திரிகள் பார்ப்பார்களே, அதே பார்வை! கையை நீட்டி, "அந்த மூன்றாவது கட்டை" என்று காட்டினார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அங்கே சின்னக் கடப்பாரையால் தூக்கிப் பிடித்தான். இன்னொருவர் கட்டைக்கடியில் ஜல்லியைக் குத்தி அடைத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். போதவில்லை, மறுபடியும் குத்தினார்கள். எங்கள் ஊரில் இதை 'பேக்கிங்' என்போம் என்று சொன்னேன். உடனே கடப்பாரையை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

புதியவருக்கு முதல் நாளே எஞ்சினைக் கொடுக்க மாட்டார்கள். ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை, அப்புறம் கடைசிப் பெட்டியில் கார்டு வேலை, பாதையும் சிக்னலும் மனப்பாடமானபின் அனுபவசாலி கூட இருக்க ஓட்டிப் பார்ப்பது என்று படிப்படியாக. நம் ரயில்வேயில் கிளீனராகச் சேர்ந்து ஃபயர்மேனாகி டிரைவராக ஆனோமே, அதே ஏணி. கேரல்வுட் தோட்டத்தில் இந்த ஏணி இல்லை.

கே: தமிழ்நாட்டில் இப்படி ஒன்று தொடங்க முடியாதா? நாங்கள் சில நண்பர்கள் ஆசையாக இருக்கிறோம்.
– கடைசல் பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்

ப: தாராளமாக முடியும், உங்கள் ஊரை விட்டால் வேறு எந்த ஊர்? வார்ப்பும் கடைசலும் கைவந்த ஊர். பாய்லர் அறிவும் இங்கே வற்றிப்போகவில்லை. பொன்மலையில் 2011இல் ஊட்டி மலைப் பாதைக்காக எண்ணெயில் ஓடும் எக்ஸ் வகை எஞ்சினைப் புதிதாகவே கட்டினார்கள். 2021இல் கரி போடும் எஞ்சினும் கட்டினார்கள். அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன.

ஆனால் ஏழரை அங்குலத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஐந்து அங்குலப் பாதையில், தரையில் போடாமல் முழங்கால் உயரத்துக்குத் தூண் நட்டு அதன்மேல் பாதை போடுங்கள். அதில் ஆள் கால்களைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு உட்காரலாம், உட்காரும் இடம் தண்டவாளத்தை ஒட்டியே இருப்பதால் கவிழும் பயம் குறைவு, தண்ணீரும் தேங்காது. வட்டமாக ஒரு சுற்றுப் போட்டால் போதும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 25 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள பாய்லர் என்றால் பாய்லர் சட்டத்துக்குள் வந்துவிடும், மாநில கொதிகலன்கள் இயக்ககத்தின் பதிவும் ஆய்வும் வேண்டும். ஐந்து அங்குல எஞ்சினின் பாய்லர் பொதுவாக அதைவிடச் சிறியது. அதற்காகச் சோதனையை விட்டுவிடாதீர்கள். முதல் எஞ்சின் முடிவதற்கு முன்பே, யார் சோதிப்பது, யார் ஓட்டுவது, யார் கையெழுத்துப் போட்டால் எஞ்சின் பாதைக்கு வரலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். நண்பர்களுக்குள் அப்புறம் சொல்வது கஷ்டம். பாய்லர் சோதனைக்கு நான் வருகிறேன், இது வெறும் பேச்சு அல்ல. பத்திரிகை முகவரிக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும்.

கே: மகனைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் போகிறோம். பேத்திக்கு நான்கு வயது. ரயிலில் ஏற்றலாமா? எந்த நாள் போக வேண்டும்?
– ஓய்வுபெற்ற தம்பதி, பெரியகுளம்

ப: ஞாயிறு பகலில் போங்கள், மழை என்றால் ஓடாது. அந்தப் பூங்காவில் குட்டி ரயில்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். டிராவல் டவுன் என்ற ரயில் அருங்காட்சியகத்துக்குள் ஓடுவது வேறு. பூங்காவின் இன்னொரு பக்கம் 1948இலிருந்து ஓடுவதும் வேறு. நீங்கள் கேட்க வேண்டியது 'லைவ் ஸ்டீமர்ஸ்'. ஜூ டிரைவ் சாலையிலேயே, டிராவல் டவுனுக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. டிஸ்னியின் கொட்டகை மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மட்டும்தான் திறந்திருக்கும், அனுமதிக்குப் பணம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த ஞாயிறாகப் பார்த்துப் போங்கள்.

பேத்தியை ஏற்றுவதற்கு முன் ஸ்டேஷனில் நிற்பவரிடம் உயரத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் சொல்வதுதான் முடிவு. பெட்டியில் குதிரைமேல் உட்காருவது போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும், குழந்தை உங்களுக்கு முன்னால். அம்மா சேலை கட்டிக்கொண்டு போனால் ஏறுவது சிரமம், சுடிதார் வசதி. கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் எட்டிப் பார்க்கவோ, படம் எடுக்கப் பக்கவாட்டில் சாயவோ கூடாது. ஏன் என்று மதுரைத் தம்பிக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது. நீராவி எஞ்சின் பூட்டிய வண்டிதான் வேண்டும் என்றால் வரிசையில் நிற்கும்போதே சொல்லுங்கள், அடுத்த வண்டிக்குக் காத்திருக்கச் சொல்வார்கள்.